பாவடி மரங்களும் பள்ளிப் பிள்ளைகளும்

சங்கங்களின் கணக்கையும் இருப்பையும் சரிபார்ப்பது நமது உத்தியோகம். சென்ற ஆண்டு சேலம் மாவட்டத்து நெசவாளர் ஊரொன்றுக்கு ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, நமது ஏட்டில் இருந்த குறையொன்றைப் பள்ளிப் பிள்ளைகள் வெளிப்படுத்தினார்கள். அதனை அங்கத்தினர்களுக்குத் தெரிவிப்பது நமது கடமையாகும்.

பாவு நீட்டுவதற்கென விடப்பட்ட பாவடியை ஒட்டியே அவ்வூர்த் தொடக்கப் பள்ளி அமைந்திருக்கிறது. அங்குள்ள ஆசிரியை, வீட்டருகே நிற்கும் மரத்தின் இலையொன்றைக் கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் சொன்னாராம். பாதிப்பேருக்கு மேல் கொண்டுவந்தது சீமைக் கருவேல் இலை! 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டிற்கு வந்த அம்மரத்தையே சொந்த ஊர் மரமென அவர்கள் எண்ணியிருந்தனர். கண்ணெதிரே மிகுந்திருப்பது அதுவேயாகையால், பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை.

அன்று முதல் வாரம் ஒரு நாள் பாவடியே வகுப்பறையாயிற்று. இலையின்மேல் தாளை வைத்துக் கரிக்கோலால் தேய்த்து நரம்போட்டத்தைப் படியெடுக்கிறார்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் கயிறு சுற்றி அடிமரத்தை அளக்கிறார்கள். பூவும் காயும் எம்மாதத்தில் வருகின்றன என்று குறிக்கிறார்கள். பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவதும் பாடத்தில் சேர்ந்ததே. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரம். ஒவ்வொரு மரத்திற்கும் ஓர் ஏடு.

நாம் சென்ற அன்று, கால்வாய் வெட்டுகையில் அறுபட்ட நுணா வேரின் பட்டையைக் காய்ச்சிக்கொண்டிருந்தனர். கடுக்காயும் படிகாரமும் ஏற்றிய பருத்தி நூற்சிட்டம் அதில் தோய்ந்து செம்பழுப்பாக எழுந்தது. 1868இல் ஜெர்மனியில் செயற்கை அலிசரின் சாயம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், இத்தகைய வேர்ச் சாயங்கள் சந்தையிழந்தன. பாட்டனார் கையிலிருந்த தொழிலைப் பேரப்பிள்ளைகள் முதன்முறையாகக் கண்டனர்.

அப்போது சிறுமியொருத்தி பாவடி ஓரத்து அடிக்கட்டையைக் காட்டி, "ஐயா, இது என்ன மரம்?" என்று வினவினாள். சங்க ஏட்டைப் புரட்டினோம். "பயனற்ற காட்டு மரம் 1, ஏலத் தொகை வரவு" என்றிருந்தது. கீழே நமது கையொப்பம். தொகை காசு பிசகாமல் சரியாக இருந்தது. மரத்தின் பெயர்தான் இல்லை. பெயர் அறியாத மரத்தைப் பயனற்றதென எவ்வாறு ஒப்பினோம் என்பதற்கு நம்மிடம் விடையில்லை. அவள் தன் ஏட்டில் "சுற்றளவு ஏழடி; பெயர் தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டாள்.

அங்கத்தினர்களே! இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு கயிறு, சில ஏடுகள், நாற்றுப் பைகள் போதும். பொதுநன்மைக்கென ஒதுக்கும் தொகையில் இவற்றை உள்ளூர்ப் பள்ளிக்கு வழங்கலாம். வேப்பம்பழம் உதிரும் ஆனி, ஆடியிலேயே கொட்டையைச் சேகரித்து உடன் விதைக்கச் செய்யுங்கள். நாட்பட்டால் அதன் முளைப்புத் திறன் விரைவில் குன்றிவிடும். முதிய நெசவாளரும் விவசாயிகளும் மாதம் ஒருமுறை பள்ளிக்குச் சென்று, இலுப்பை, புங்கன், வன்னி முதலியவற்றின் பயனைச் சொல்லுங்கள்.

சங்க நிலத்தில் நிற்கும் மரங்களைப் பெயருடன் சொத்துப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைகளின் ஏட்டோடு அதனை ஒப்பிட்டு, அடுத்த ஆய்வின்போது நாம் பார்வையிடுவோம்.