டேர்போவின் எண்ணெய் வழி: உள்ளே தள்ளுவது அமுக்கம், வெளியே இறக்குவது புவியீர்ப்பு

விஞ்ஞானப் பாடத்தில் திரவ அமுக்கத்தைப் படித்து முடித்ததும் "இதை எங்கே பாவிப்பது?" என்று உங்களில் ஒருவராவது கேட்பதுண்டு. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் தர்மபுரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சுமையோடு ஏறிச் செல்லும் சில லொறிகளிலும் வான்களிலும் எஞ்சின் இரைச்சலோடு மெல்லிய விசில் போன்ற ஒலி ஒன்று கேட்கும். அது டேர்போ சுழலும் ஒலி. அறுவடைக் காலத்தில் வயலில் இறங்கும் பெரிய அறுவடை இயந்திரங்கள் பலவற்றிலும் டேர்போ உண்டு. அதனை உயிரோடு வைத்திருப்பவை இரண்டு சிறிய குழாய்கள். ஒன்று எண்ணெயைக் கொண்டு செல்வது, மற்றையது எண்ணெயைத் திருப்பிக் கொண்டு வருவது. இவ்விரண்டும் ஒரே விதியின்படி இயங்குவதில்லை என்பதே இங்கு நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம். "வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பமும்" பாடத்தைத் தெரிவு செய்தவர்களுக்கும் விஞ்ஞானம் மட்டும் படிப்பவர்களுக்கும் இது உதவும்.

கலைப்பட்டதாரி ஒருவர் ஏன் எஞ்சினைப் பற்றி எழுதுகிறார் என்று நினைக்கலாம். அதற்குக் காரணம் என் அண்ணாவின் வான். அந்தக் கதை பின்னால் வரும்.

முதலில் டேர்போ என்றால் என்ன என்று பார்ப்போம். எரிபொருள் தகனமடைந்த பின் வெளியேறும் சூடான வாயுவில் சக்தி இன்னும் மிஞ்சியிருக்கிறது. சாதாரண எஞ்சினில் அது புகைக்குழாய் வழியே வீணாகிறது. அந்த வாயுவைக் கொண்டு ஒரு சில்லைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சில்லினால் புதிய வளியை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பலாம் என்று சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூக்கி 1905 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வளி கூடுதலாகச் சென்றால் எரிபொருளையும் கூடுதலாக எரிக்கலாம். எனவே சிறிய எஞ்சினிலிருந்து பெரிய வலுவைப் பெறலாம். புகைவாயுவால் சுழலும் சில்லு சுழலி எனவும் வளியை அமுக்கும் சில்லு அமுக்கி எனவும் அழைக்கப்படும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இரும்புக் கூட்டில் தண்டைத் தாங்கும் பெயாரிங்குகள் உள்ளன. எண்ணெய் வந்து போவது இந்த நடுக்கூட்டுக்குத்தான்.

வேகத்தைக் கணித்துப் பாருங்கள். ஒரு சிறிய வாகன டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு 120,000 தடவை சுழல்கிறது எனக் கொள்வோம். இது மிகைப்படுத்திய எண் அல்ல. இதனிலும் வேகமாகச் சுழல்பவையும் உண்டு. அப்படியாயின் செக்கனுக்கு 2,000 சுழற்சிகள். தண்டின் விட்டம் 8 மில்லிமீற்றர் எனின் சுற்றளவு ஏறத்தாழ 25 மில்லிமீற்றர். எனவே தண்டின் மேற்பரப்பு செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் செல்கிறது. மணிக்கு 180 கிலோமீற்றர்! இந்த வேகத்தில் உலோகம் உலோகத்தோடு நேரடியாக உராய்ந்தால் சில செக்கன்களிலேயே பழுது தொடங்கிவிடும்.

உராயாமல் இருப்பது எப்படி? இதற்கு விடை கிடைத்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1883 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் போஷம்ப் டவர் என்பவர் புகையிரத அச்சுகளின் பெயாரிங்குகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பெயாரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளை இட்டார். அச்சு சுழன்றதும் அத்துளையால் எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பு வைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. அமுக்கமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான் அச்சுக்கும் பெயாரிங்குக்கும் நடுவே எண்ணெயில் பெரும் அமுக்கம் உருவாகியிருப்பது தெரிந்தது. சுழலும் தண்டு எண்ணெயை இடுக்கினுள் இழுத்துச் செல்கிறது. அந்த எண்ணெய்ப் படலமே தண்டைத் தூக்கி வைத்திருக்கிறது. 1886 இல் ஒஸ்போன் ரெனோல்ட்ஸ் இதனைக் கணித ரீதியாக விளக்கினார். ஒரு தக்கை கழன்று விழுந்ததிலிருந்து ஒரு துறையே பிறந்தது எனலாம்.

பெரும்பாலான டேர்போக்களிலும் தண்டு இவ்வாறே எண்ணெயில் மிதக்கிறது. தண்டுக்கும் பெயாரிங் வளையத்துக்கும் நடுவே ஒரு படலம், வளையத்துக்கும் கூட்டுக்கும் நடுவே இன்னொரு படலம். எண்ணெய்க்கு வேறொரு கடமையும் உண்டு. டீசல் எஞ்சினில் சுழலிப் பக்கம் வரும் வாயுவின் வெப்பநிலை 700 பாகை செல்சியஸையும் தாண்டக்கூடும். அங்கிருந்து தண்டு வழியே கடத்தப்படும் வெப்பத்தை எடுத்துச் செல்வதும் இந்த எண்ணெயே. ஆகவே எண்ணெய் தேங்கி நிற்கக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி உள்வழிக் குழாய். எஞ்சினின் ஒயில் பம்ப் எண்ணெயைச் சம்பிலிருந்து எடுத்து, பில்டரினூடாகச் செலுத்துகிறது. பில்டரைத் தாண்டிய பின்னுள்ள ஓரிடத்திலிருந்தே டேர்போவுக்கான குழாயை எடுக்க வேண்டும். அவ்விடுக்குகள் ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு அளவே ஆதலால் கண்ணுக்குத் தெரியாத தூசும் கீறிவிடும். எஞ்சின் வேகமாக ஓடும்போது எண்ணெயின் அமுக்கம் ஏறத்தாழ 300 கிலோபஸ்கால் இருக்கும். அது 30 மீற்றர் உயரமான நீர் நிரலின் அமுக்கத்துக்குச் சமம். இவ்வளவு தள்ளுவிசை இருப்பதால் குழாய் ஒடுக்கமாக இருக்கலாம். 4 மில்லிமீற்றர் உள்விட்டமே பல டேர்போக்களுக்குப் போதும். மேலே ஏறி வளைந்து சென்றாலும் எண்ணெய் போய்ச் சேரும். பொருத்துகளில் வெள்ளை நாடா சுற்றுவதும் சிலிக்கன் பூசுவதும் கூடாது. ஒரு துணுக்கு கழன்று உள்ளே போனால் துளை அடைபட்டுவிடும். உள்வழி பற்றி இவ்வளவு போதும். தவறு அதிகம் நிகழ்வது மற்றைய குழாயில்.

வெளிவழிக் குழாயில் பம்ப் கிடையாது. பெயாரிங்கின் ஒடுக்கமான இடுக்கைக் கடக்கும்போதே எண்ணெயின் அமுக்கம் முழுவதும் செலவாகிவிடுகிறது. அதன் பின் எண்ணெய் சம்புக்குத் திரும்புவது சொந்தப் பாரத்தால் மட்டுமே.

வயல் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இலகுவில் விளங்கும். கல்மடுக்குளத்துத் துருசைத் திறந்தால் குளத்து நீரின் அமுக்கத்தால் தண்ணீர் வாய்க்காலுக்குப் பாய்ந்து வரும். ஆனால் வயலில் மிஞ்சிய நீர் வடிய வேண்டுமானால் கழிவாய்க்கால் வயலிலும் பள்ளமாக இருக்க வேண்டும். கழிவாய்க்காலில் ஏற்கனவே தண்ணீர் நிறைந்து நின்றால் உங்கள் வயல் வடியாது, நெல் அழுகும். துருசை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தும் பயனில்லை.

இப்போது எண்களால் ஒப்பிடுவோம். டேர்போவின் எண்ணெய் வெளிவாய் சம்பின் எண்ணெய் மட்டத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளது. எண்ணெயின் அடர்த்தி கன மீற்றருக்கு 870 கிலோகிராம். திரவ நிரலின் அமுக்கம் = உயரம் × அடர்த்தி × ஈர்வை ஆர்முடுகல். அதாவது 0.2 × 870 × 10 = 1,740 பஸ்கால். உள்ளே தள்ளுவது 300,000 பஸ்கால், வெளியே இறக்குவது 1,740 பஸ்கால்! ஏறத்தாழ 170 மடங்கு வித்தியாசம். போதாததற்கு, பெயாரிங்கிலிருந்து வெளிவரும் எண்ணெய் வளியோடு கலந்து நுரைத்து, கூடிய கனவளவோடு வருகிறது. இதனாலேயே வெளிவழிக் குழாய் 16 மில்லிமீற்றர் அளவு அகலமாக இருக்க வேண்டியுள்ளது. விட்டம் 4 மடங்கானால் குறுக்குவெட்டுப் பரப்பு 16 மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். கணிதத்திலும் உதவும்.

அக்குழாய் முழு நீளத்துக்கும் கீழ்நோக்கியே செல்ல வேண்டும். ஓரிடத்திலேனும் தாழ்ந்து மீண்டும் ஏறக் கூடாது. சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலேயே அது முடிவடைய வேண்டும். நடுக்கூட்டின் வெளிவாயும் நேர் கீழே பார்த்திருத்தல் நல்லது. சாய்வு 35 பாகைக்கு மேற்படக் கூடாது என்பது டேர்போ உற்பத்தியாளர்கள் சொல்லும் எல்லை.

இந்த வழி தடைப்பட்டால் என்ன நடக்கும்? எண்ணெய் நடுக்கூட்டில் நிறையும். தண்டின் இரு பக்கமும் உள்ள சிறு வளையங்கள் எண்ணெயைத் தடுக்கும் அடைப்புகள் எனப் பலர் எண்ணுகின்றனர். அவை உண்மையில் வாயு உள்ளே புகுவதைக் கட்டுப்படுத்துவதற்கே பெரிதும் உதவுகின்றன. நிறைந்து நிற்கும் எண்ணெயை அவற்றால் தடுக்க முடியாது. எண்ணெய் கசிந்து புகைக்குழாய்ப் பக்கமும் வளிப் பக்கமும் சென்று எரியும். நீலப் புகை வரும்.

அண்ணாவின் வானுக்கு நடந்தது இதுவே. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான், லீசிங்கில் எடுத்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் முடியக் காசு கட்ட வேண்டும். நீலப் புகை வந்ததும் "டேர்போ முடிந்தது" என்றார்கள். ஒரு போக நெல் விற்ற காசில் பாவித்த டேர்போ ஒன்று வாங்கிப் பூட்டினார். இரண்டு கிழமையில் மீண்டும் புகை. அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது, இன்னொரு டேர்போ வந்தது. அதுவும் புகைத்தது. மூன்றாவதாகப் பார்த்த வயதான மெக்கானிக் டேர்போவைத் தொடவே இல்லை. கீழே படுத்து வெளிவழிக் குழாயைப் பார்த்தார். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய்க்குப் பதிலாக முன்பு யாரோ நீளமான இறப்பர் ஹோஸ் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அது நடுவில் தொங்கி மீண்டும் மேலேறிச் சம்புக்குச் சென்றது. அவர் அதை வெட்டிக் குறுக்கி நேராக்கினார். புகை நின்றது. முதல் டேர்போவும் நல்லதாகவே இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது. அந்தக் கராஜ்காரரையும் குறை சொல்ல மனமில்லை. எண்ணெய் இறங்கும் விதியை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

வேறொரு காரணமும் உண்டு. எஞ்சினின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால் தகன வாயு சம்புக்குள் கசியும். அங்கு அமுக்கம் சற்று உயர்ந்தாலே 1,740 பஸ்காலை எதிர்த்து நிற்கப் போதும். குழாய் சரியாக இருந்தும் எண்ணெய் இறங்காது. அந்நிலையில் எத்தனை டேர்போ மாற்றினாலும் புகை நிற்காது.

புதிய டேர்போ பூட்டியதும் உள்வாயில் சிறிது சுத்தமான எண்ணெய் விட்டு, எஞ்சின் பற்றாதவாறு சில செக்கன்கள் ஸ்ராட்டரால் சுழற்றி, எண்ணெய் வந்து சேர்ந்த பின்னரே இயக்க வேண்டும். சுமையோடு ஓடி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தவும் கூடாது. பம்ப் நின்றதும் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். சுழலியின் வெப்பமோ நிற்காது. தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாக வழியில் படியும். ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால் போதும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை உங்கள் பெற்றோர் சொல்லியிருப்பார்கள். எரியாத மண்ணெண்ணெய் சம்புக்கு இறங்கினால் எஞ்சின் எண்ணெய் நீர்த்துப் போகும். டேர்போ இல்லாத அந்தப் பழைய எஞ்சின்கள் அதையும் ஓரளவு தாங்கின. டேர்போ தாங்காது.

பயிற்சி வினா: ஒரு வானின் டேர்போ வெளிவாய், சம்பின் எண்ணெய் மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளது. எண்ணெயின் அடர்த்தி கன மீற்றருக்கு 880 கிலோகிராம். வெளிவழிக் குழாய் எண்ணெயால் நிறைந்துள்ளது எனவும் நடுக்கூட்டினுள் வளிமண்டல அமுக்கம் உள்ளது எனவும் கொள்க. சம்பினுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் 1,500 பஸ்கால் கூடுதலாயின் எண்ணெய் இறங்குமா?

விடை: எண்ணெய் நிரலின் அமுக்கம் 0.15 × 880 × 10 = 1,320 பஸ்கால். இது 1,500 பஸ்காலிலும் குறைவு. ஆகவே எண்ணெய் இறங்காது. "டேர்போ பழுது" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது. இரு அமுக்கங்களையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.