விமானக் கம்பெனியும் குறுந்தூர ரயிலும்

இரண்டு நகரங்களுக்கிடையே விரைவு ரயில் ஓடப்போகிறது என்ற செய்தி வந்ததும், அதே மார்க்கத்தில் விமானம் விடுகிற கம்பெனி கலங்கிப்போகும் என்று எண்ணுவது சகஜமே. ஆனால் அது கலங்குமா, களிக்குமா என்பது, அதன் ஜீவனம் எந்தப் பிரயாணியை நம்பி நடக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம்.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கம்பெனி 1971-இல் பறக்கத் தொடங்கியபோது அதற்கு இருந்த ஊர்கள் டெக்ஸஸ் மாகாணத்தின் டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ ஆகிய மூன்றே. இந்த மூன்றையும் பிரான்ஸ் தேசத்து டிஜிவி ரயிலால் இணைக்கும் உரிமம் 1991-இல் ஒரு கூட்டு ஸ்தாபனத்துக்குக் கிடைத்தபோது, அதற்குள் பல மாகாணங்களிலும் கால் ஊன்றிவிட்டிருந்தாலும் தாய்வீட்டு வருமானத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத அக்கம்பெனி, நீதிமன்றம் வரை சென்று எதிர்த்தது. அரசாங்கப் பணத்தைத் தொடலாகாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டிருந்த அத்திட்டம், வேண்டிய முதலைத் திரட்ட இயலாமல் 1994-இல் அஸ்தமித்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கையே குலுக்கித் தள்ளியதா என்று இன்றும் வாதிடலாம்.

பாரிஸில் நடந்ததோ வேறு. சார்லஸ் டி கோல் விமான நிலையத்துக்குள்ளேயே 1994-இல் விரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டிருந்தது. 2001-இல் ஏர் பிரான்ஸ், அங்கிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு விட்டுவந்த விமானங்களைத் தானே நிறுத்திவிட்டு, தாலிஸ் என்ற விரைவு ரயிலில் தன் பிரயாணிகளுக்கென இடம் வாங்கி, அந்த ரயிலுக்கே விமான எண்ணைச் சூட்டியது. பிரஸ்ஸல்ஸிலிருந்து அந்த நிலையத்துக்கு வந்து இறங்குகிறவர்களில் பலர் பாரிஸைக் காண வருபவரல்லர். நியூயார்க்குக்கோ டோக்கியோவுக்கோ விமானம் மாறுபவர். நெரிசல் மிகுந்த ஓடுபாதையில், முந்நூறு கிலோமீட்டர்கூடப் பறக்காத சிறு விமானத்துக்கு ஒதுக்கிய நேரத்தைச் சமுத்திரம் கடக்கும் பெரிய விமானத்துக்குக் கொடுத்தால் லாபம் பன்மடங்கு. பிராங்க்பர்ட்டுக்கும் கொலோனுக்கும் இடையே 2002-இல் புதிய ரயில் பாதை வந்தபின், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு விமானம் எதற்கு என்று ஜெர்மனியின் லுப்தான்ஸா கம்பெனியும் அம்மார்க்கத்து விமானங்களை 2007-இல் கைவிட்டது.

இந்த ஸ்நேகத்துக்கு நிபந்தனைகள் உண்டு. ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். ஒரே சீட்டு இரண்டுக்கும் செல்ல வேண்டும். ரயில் தாமதித்து விமானம் தவறினால் மறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பைக் கம்பெனி ஏற்க வேண்டும். அன்றியும், தண்டவாளத்துக்கு மறுமுனை ஒன்று உண்டல்லவா? பாரிஸுக்குப் பிரயாணிகளைக் கொண்டுவந்து கொட்டுகிற அதே ரயில், பிரஸ்ஸல்ஸையே தாயகமாகக் கொண்ட விமானக் கம்பெனியின் கண்ணுக்கு, தன் கொல்லைக் கிணற்றில் அயலான் கட்டிய ஏற்றமாகத்தான் தோன்றும்.