வந்தியின் பங்குக் கரை

மதுரையில் ஆண்டுதோறும் ஆவணி மூலத்தை ஒட்டிப் பிட்டுத் திருவிழா நடைபெறுகிறது. சொக்கநாதப் பெருமான் கூலியாளாக வந்து, ஒரு மூதாட்டி தந்த பிட்டுக்காக வைகைக் கரைக்கு மண் சுமந்த லீலையை நினைவுகூரும் விழா அது. அதே ஆவணி மாதம்தான் டெக்ஸாஸ் மாநிலக் கடற்கரையில் புயல் காலம் உச்சத்தை நெருங்கும் மாதமும் ஆகும். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி, விநாயக சதுர்த்தி தினமான வெள்ளிக்கிழமையன்று இரவு, ஹார்வி புயல் ராக்போர்ட் அருகே கரையேறியது. அன்னை மீனாட்சி எழுந்தருளியுள்ள பேர்லேண்டில் வாழும் அன்பர்களுக்கு வைகை வெள்ளத்தின் கதை வெறும் பழங்கதை அன்று.

பேர்லேண்ட் மேட்டு நிலத்தில் அமைந்த ஊர் இல்லை. கடலை நோக்கித் தாம்பாளம் போலப் பரந்து கிடக்கும் சமவெளி. மண்ணோ களிமண், ஓரளவு மழையைக் குடித்ததும் மேற்கொண்டு வாங்காது. பெய்த நீர் மேரீஸ் கிரீக், கிளியர் கிரீக் போன்ற ஓடைகளின் வழியே மெள்ள நகர்ந்து கால்வெஸ்டன் வளைகுடாவைச் சேர வேண்டும். சரிவு மிகக் குறைவாதலால் ஓடைகளுக்கு அவசரம் கிடையாது. வானம் அவசரப்பட்டால் வீதிகளே ஓடைகளாகிவிடும்.

அப்படி வானம் அவசரப்பட்ட நாள் ஒன்று 1979-ஆம் ஆண்டு ஜூலையில் வந்தது. பேர்லேண்டில் ஆலயம் எழுப்பும் முயற்சிகள் அப்போதுதான் உருப்பெற்று வந்தன. கிளாடெட் என்ற புயற்சின்னம் 25, 26 தேதிகளில் தெற்கே அருகிலுள்ள ஆல்வின் ஊரின் மேல் நின்று, 24 மணி நேரத்தில் 42 அங்குல மழையைக் கொட்டியது. ஏறக்குறைய 107 சென்டிமீட்டர். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் முக்கால் பங்கு, ஒரே நாளில்! அமெரிக்க நாட்டின் ஒரு நாள் மழைக்கான உச்ச அளவாக அது 39 ஆண்டுகள் நிலைத்தது. 2018 ஏப்ரலில் ஹவாயித் தீவுகளில் பெய்த மழைதான் அதைக் கடந்தது.

ஹார்வியின் கதை வேறு. கரையேறிய புயல்கள் வழக்கமாக ஓரிரு நாட்களில் உள்நாட்டிற்குள் சென்று மறைந்துவிடும். ஹார்வியைத் தள்ளிச் செல்ல மேல்வானில் வலுவான காற்று இல்லை. அது டெக்ஸாஸ் கரையோரத்திலேயே தங்கி, வெதுவெதுப்பான வளைகுடாவிலிருந்து நீரை மொண்டு மொண்டு இறைத்தது. ஹூஸ்டன் வட்டாரத்தில் பல இடங்களில் சில நாட்களுக்குள் 40 அங்குலத்திற்கு மேல் பெய்தது. கிழக்கே நெடர்லாண்டில் 60 அங்குலத்தைத் தாண்டியது. தென்கிழக்கு டெக்ஸாஸில் சுமார் 3 லட்சம் கட்டடங்களில் நீர் புகுந்தது. வெள்ளத்திலிருந்து மீட்கப்பட்டோர் சுமார் 30 ஆயிரம் பேர். டெக்ஸாஸில் புயலால் நேரடியாக உயிரிழந்த 68 பேரில் மூவரைத் தவிர மற்ற அனைவரையும் பலிகொண்டது காற்று அன்று, மழைவெள்ளமே.

இத்தகைய வேளையில் பக்தர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. நாள் தவறாமல் பூஜை செய்யும் வீட்டிற்குள்ளும் வெள்ளம் புகுகிறதே, இது எந்தக் குற்றத்திற்குத் தண்டனை? பெரியோர் சிலர் கர்மவினை என்பர். வேறு சிலர், மனிதன் இயற்கையை மீறியதற்கு விடை என்பர். ஆனால் வெள்ளம் வீட்டுக்காரரின் புண்ணிய பாவக் கணக்கைப் பார்த்து நுழைவதில்லை. தாழ்ந்த வாசற்படியைப் பார்த்துத்தான் நுழைகிறது. முழங்கால் அளவு நீரில் நிற்கும் அண்டை வீட்டாரிடம் "இது உங்கள் வினை" என்று சொல்வது பக்தியும் ஆகாது, பண்பும் ஆகாது.

நம் முன்னோர் மழையை எளிதாக எடைபோட்டுவிடவில்லை. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து இரண்டாவது அதிகாரமாக வான் சிறப்பை வைத்தார். வாழவைக்கும் மழையே கெடுக்கவும் வல்லது என்பதையும் அங்கேயே சொல்லி வைத்தார். மழையை வணங்கு, ஆனால் அதன் வலிமையை மறவாதே என்பது அந்த வரிசையில் அடங்கிய அறிவு.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61-ஆவது படலம் மண் சுமந்த படலம். வைகை பெருகிக் கரை உடைந்தது. அரிமர்த்தன பாண்டியன் கரையைப் பங்கு போட்டு, வீட்டிற்கு இவ்வளவு என்று அடைக்கக் கட்டளையிட்டான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற கிழவிக்கும் ஒரு பங்கு வந்தது. அவளுக்கு மகனும் இல்லை, மருமகனும் இல்லை. கூலிக்கு ஆளும் அகப்படவில்லை. அவள் சொக்கனிடம் முறையிட்டாள். சொக்கனே கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு, பிட்டைத் தின்றான், ஆடினான், பாடினான், படுத்து உறங்கினான். ஊரார் பங்கெல்லாம் அடைபட்டது. வந்தியின் பங்கு மட்டும் திறந்தே கிடந்தது. பார்வையிட வந்த மன்னன் வெகுண்டு கூலியாளைப் பிரம்பால் அடித்தான். அந்த அடி மன்னன் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், ஊரார் அனைவர் முதுகிலும் விழுந்தது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டினான். கரை உயர்ந்தது, ஆள் மறைந்தான்.

இந்தக் கதையை அடியாருக்கு ஆண்டவன் இரங்கிய கதையாகவே பெரும்பாலும் கேட்கிறோம். ஆனால் அதில் ஊருக்கும் ஒரு பாடம் உண்டு. மற்றவர் எல்லாரும் தத்தம் பங்கை ஒழுங்காக முடித்தார்கள். என்றாலும் கரை அடைபடவில்லை. துணையற்ற ஒருத்தியின் பங்கு திறந்திருந்தால், ஊருக்கே கரை இல்லை என்றுதான் பொருள். அடி எல்லார் முதுகிலும் விழுந்ததற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

ஹார்வி நாட்களில் இந்தப் பாடம் கண்ணெதிரே நடந்தது. அரசாங்கப் படகுகள் போதாமல் போனபோது, மீன்பிடிப் படகு வைத்திருந்த சாமானியர்கள் அதை வண்டியில் கட்டி இழுத்துவந்து வீதிகளில் இறக்கினார்கள். அண்டை மாநிலமான லூசியானாவிலிருந்து காஜுன் நேவி என்ற தொண்டர்கள் வந்தார்கள். 2005-இல் கத்ரீனா புயலில் அடிபட்ட மாநிலத்தவர்கள் அவர்கள். படகில் ஏற்றும்போது எவரும் எவருடைய மதத்தையும் கேட்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சென்னை மூழ்கியபோதும் இதுவே நிகழ்ந்தது. கோயில், மசூதி, மாதாகோயில் என்ற பேதமின்றிக் கதவுகள் திறந்தன; மீனவர் படகுகள் நகருக்குள் வந்தன. பகவான் கூலியாளாக வருவான் என்பதை நம்புகிறவர்களுக்கு அந்தப் படகோட்டிகளை அடையாளம் கண்டுகொள்வது கடினமாக இராது.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கரை எது என்று மழைக்கு முன்பே அறிந்திருத்தல் நலம். "நூறாண்டு வெள்ளம்" என்றால் நூறு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். வீட்டுக் கடனைக் கட்டி முடிக்கும் 30 ஆண்டுகளில் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 26 ஆகிறது. சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளச் சேதத்திற்குப் பணம் தராது. வெள்ளத்திற்கென்று தனியாக எடுக்க வேண்டும். தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தாலும் பொதுவாக 30 நாட்களுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும். புயல் டெலிவிஷனில் தெரியும்போது விண்ணப்பிப்பது, வெள்ளம் வந்தபின் மண் வெட்டப் போவது போலத்தான். ஓடும் நீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரை மிதக்க வைத்துவிடும். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் சென்றுவிடும். நீர் ஓடும் சாலையைக் கண்டால் வண்டியைத் திருப்புவதே விவேகம்.

இவை அவரவர் பங்கு. வந்தியின் பங்கு வேறு. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, ஆங்கிலம் அதிகம் அறியாமல், பகலில் வீட்டில் தனித்திருக்கும் பெற்றோர். புதிதாக வேலைக்கு வந்து, கீழ்த்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் இளம் தம்பதியர். கார் இல்லாத மாணவர். கணவரை இழந்து தனியே வாழும் மூதாட்டி. 2024 ஜூலையில் பெரில் புயல் வீசியபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. பல இடங்களில் கடும் வெயிலில் நாட்கணக்கில் குளிர்சாதனம் ஓடவில்லை. அத்தகைய நாளில் கதவைத் தட்டி, "மாமி, சௌக்கியமா? எங்கள் வீட்டிற்கு வந்து இருங்கள்" என்று அழைப்பதற்குப் பொறியியல் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. யார் யாரை விசாரிப்பது என்று புயல் காலம் தொடங்கும் ஜூன் மாதத்திலேயே அக்கம்பக்கத்தார் பேசி முடிவு செய்துகொண்டால் போதும்.

சூடேறிய காற்று ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். கடலும் காற்றும் சூடேறி வருவதால், வரும் புயல்கள் கூடுதல் மழையைச் சுமந்து வரவே வாய்ப்பு அதிகம். கிளியர் கிரீக் இன்னும் பல முறை கரை மீறலாம். மழையை நிறுத்தும்படி இறைவனை வேண்டுவது தவறன்று, வந்தியும் வேண்டினாள். ஆனால் அவளுக்குக் கிடைத்த அருள் மழை நின்றதாக வரவில்லை. மண் சுமக்க ஓர் ஆளாக வந்தது. அன்னை மீனாட்சியின் சந்நிதியில் வேண்டி நிற்கும் அன்பர்கள், தாங்களும் யாரோ ஒருவருக்கு அந்த ஆளாக இருக்கும் பேற்றையும் சேர்த்து வேண்டிக்கொள்வார்களாக.