எஞ்சின் மூச்சு விடும் பாதை

ஆஸ்திரேலியாவில் டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை வண்டி வைத்திருப்பவர்கள் இன்டர்கூலர் குழாயைக் கழற்றிப் பார்த்ததும் முதலில் சந்தேகப்படுவது டர்போவைத்தான். குழாயின் உட்சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அடியில் எண்ணெய் தேங்கிக் கிடக்கும். டர்போ சீல் போய்விட்டது என்று முடிவுகட்டி, பெரும் பணம் செலவழித்துப் புதிது மாட்டுவார்கள். சில மாதம் கழித்துத் திறந்தால் மறுபடியும் எண்ணெய். பல வண்டிகளில் அந்த எண்ணெய் வரும் வழி வேறு. எஞ்சினின் மேல் மூடியிலிருந்து கிளம்பி, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே போய்ச் சேரும் ரப்பர் குழாய் ஒன்று இருக்கிறது. அதுதான் பிரீதர் ஹோஸ்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கியே சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சிப் பற்றவைக்கிறார்கள். 2007 முதல் இந்த வண்டிகளில் வந்த 4.5 லிட்டர் வி8 எஞ்சின் காற்றை 16 மடங்குக்கும் மேல் நெருக்குகிறது. எரியும் கணத்தில் இன்றைய டீசல் சிலிண்டருக்குள் அழுத்தம் 150 பாரைத் தொடும். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல அறுபது மடங்குக்கு மேல். பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அவற்றின் வாய் இடைவெளி வழியே கொஞ்சம் வாயு கீழே இறங்கியே தீரும். நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரெஷன் என்று சொல்வது இதைத்தான். புத்தம்புது எஞ்சினிலும் இது உண்டு. ரிங் தேயத் தேயக் கூடும்.

இந்த வாயுவோடு இன்னும் இரண்டு வரவுகள் சேர்கின்றன. டர்போவின் தண்டைச் சுற்றியுள்ள சீல்கள் முழுக்க இறுக்கமானவை அல்ல. அவற்றைத் தாண்டும் வாயு, டர்போவின் எண்ணெய் வடியும் குழாய் வழியே எஞ்சினின் கீழறையான கிராங்க்கேஸுக்குள் வருகிறது. அடுத்தது பிரேக்குக்கான வாக்குவம் பம்ப். பெட்ரோல் எஞ்சினின் உள்ளிழுப்பில் இயல்பாகவே வெற்றிடம் கிடைக்கும். டீசலில் அது கிடைக்காததால் தனியாகப் பம்ப் வைத்திருக்கிறார்கள். அந்தப் பம்ப் உறிஞ்சிய காற்றையும் பெரும்பாலும் எஞ்சினுக்குள்ளேதான் விடுகிறது. எல்லாம் சேர்ந்து வெளியேறும்போது எண்ணெய்த் துளிகள், கரித்தூள், எரியாத டீசல், நீராவி ஆகியவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ நீர் உண்டாகிறது. அதில் மிகச் சிறு பங்கே கீழே கசிகிறது என்றாலும், குளிர்ந்த குழாய்க்குள் அது நீராகி நிற்கப் போதும்.

பழைய வண்டிகளில் இந்த வாயுவை ஒரு வளைந்த குழாய் வழியே சாலையைப் பார்த்துத் திறந்துவிட்டார்கள். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று அதை இழுத்துக்கொள்ளும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டியபோது, கால்டெக் வேதியியலாளர் ஆரீ ஹாகென்-ஸ்மிட், அதற்கு வாகனங்களிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன்களும் காரணம் என்று காட்டினார். சைலன்ஸர் மட்டுமல்ல, இந்தக் குழாயும் காற்றைக் கெடுக்கிறது என்பது தெரிந்தது. 1961-இல் கலிபோர்னியா, கிராங்க்கேஸ் வாயுவைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் ஏற்பாட்டைப் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்க முடிவு செய்தது. டர்போ பூட்டிய கனரக டீசல்களுக்கோ அமெரிக்காவில் 2007 மாடல் ஆண்டு வரை விலக்கு இருந்தது. டர்போவும் இன்டர்கூலரும் எண்ணெய் படிந்து கெட்டுவிடும் என்ற கவலையே காரணம். லேண்ட் குரூசர்காரர் தம் இன்டர்கூலரில் பார்ப்பது அந்தக் கவலை சரியென்பதைத்தான்.

சரி, வாயுவை எங்கே கொண்டுபோய் விடுவது? டர்போவுக்குப் பிந்தைய குழாயில் முடியாது. அங்கே டர்போ தள்ளும் அழுத்தம், வாயுவைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே அடைத்துவிடும். டர்போவுக்கு முன்னே, ஃபில்டரைத் தாண்டிய இடத்தில்தான் மெல்லிய இழுவை இருக்கிறது. அதனால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அங்கேயே சேர்க்கிறார்கள். காற்றளவு சென்சார் இருந்தால் அதையும் தாண்டியே சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சென்சாரில் எண்ணெய் படியும். டர்போ 1.5 பார் அளவுக்குக் காற்றை அழுத்தும்போது, வெயில் நாளில் அந்தக் காற்றின் வெப்பம் 170 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். எண்ணெயில் ஒரு பகுதி அங்கேயே கருகி ஒட்டுகிறது. மிச்சம் இன்டர்கூலரைக் கடந்து உள்ளிழுப்பு மேனிஃபோல்டுக்குப் போய், எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும் இஜிஆர் வால்வு அனுப்பும் கரியோடு கலந்து தார் மாதிரி இறுகுகிறது. காற்று போகும் வாய் வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது.

இதைத் தடுக்க வழியில் வைப்பதுதான் கேட்ச் கேன். ஆஸ்திரேலியாவில் அதிகம் மாட்டப்படுவது மான்+ஹம்மல் நிறுவனத்தின் புரோவென்ட் 200. உள்ளே இழைகளாலான எலிமென்ட் ஒன்று, நுண்துளிகளை ஒன்றுசேர்த்துப் பெரிய துளிகளாக்கிக் கீழே வடியவிடும். அடைத்துக்கொண்டால் திறந்துகொள்ள ஒரு நிவாரண வால்வும், இழுவை மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள ஒரு டயாஃப்ரமும் உண்டு. உள்ளே ஒன்றுமே இல்லாத பளபளப்பான அலுமினிய டப்பாக்களும் கடையில் கிடைக்கும். எண்ணெய் மூடுபனியில் பெரும்பகுதி மைக்ரான் அளவுத் துளிகள். வெறும் டப்பாவில் அவை நிற்காமல் வாயுவோடு வெளியே போய்விடும். அந்தப் பணம் வீண்.

நல்ல கேன் வாங்கிய பிறகும் காரியம் கெடுவது குழாய் போகும் வழியில்தான். மூடியிலிருந்து கேன் வரை குழாய் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு தொய்வு விழுந்தாலும் அங்கே நீரும் எண்ணெயும் தேங்கி, கை கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள வளைவுக் குழாய் போல வாயுவை மறித்துவிடும். விக்டோரியாவின் மலைப்பகுதியில் குளிர்கால இரவில் அந்த நீர் உறைந்தே போகலாம். ஆனால் எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளில் ஆடும், கேனோ பாடியோடு நிற்கும். ஆகவே குழாயை விறைப்பாக இழுத்தும் கட்ட முடியாது. நெகிழ்வும் வேண்டும், தொய்வும் கூடாது. மாட்டுபவரின் கைத்திறன் தெரிவது இங்கேதான். குழாயின் உள்விட்டம் கம்பெனிக் குழாயைவிடக் குறையவே கூடாது. ஹீட்டருக்குப் போடும் சாதாரண ரப்பர் குழாய் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். நைட்ரில் ரப்பர் போன்ற எண்ணெய் தாங்கும் குழாய்தான் வேண்டும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு? டர்போவின் பேரிங்குக்குப் போகும் எண்ணெய், பம்பின் அழுத்தத்தில் மேலே ஏறுகிறது. இறங்குவதோ தன் எடையால் மட்டும். கிராங்க்கேஸில் அழுத்தம் கூடினால் அந்த வடிகால் தடைப்படும். இறங்க முடியாத எண்ணெய், டர்போவின் சீல்களைத் தாண்டி இன்டர்கூலர் பக்கமும் சைலன்ஸர் பக்கமும் பாயும். எண்ணெய்க்குப் பயந்து மாட்டிய கேன், அடைபட்ட எலிமென்ட்டாலோ மடங்கிய குழாயாலோ அதே எண்ணெயைப் பல மடங்கு வரவழைக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நல்ல டர்போவைக் கழற்றி எறிவது அப்போதுதான் நடக்கிறது. கிராங்க் ஆயில் சீல் கசிவதும், டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்புவதும் இதே கோளாறின் அடையாளங்கள்.

இழுவை மிஞ்சினாலும் கெடுதல்தான். சிம்ப்சன் பாலைவனத்தில் 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பேர்ட்ஸ்வில் அருகே உள்ள பிக் ரெட் மேட்டில் ஏற, எஞ்சின் முழுச் சக்தியையும் கொடுத்தாக வேண்டும்; பேக் கம்ப்ரெஷன் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. கூடவே, புழுதியால் ஃபில்டர் அடைய அடைய டர்போவின் வாயில் இழுவை கூடுகிறது. தடுக்க டயாஃப்ரம் இல்லாவிட்டால் எண்ணெய் மேலும் உறிஞ்சப்படும். சீல்களின் ஓரமாகப் புழுதி எஞ்சினுக்குள் போகும். சிலர் குழாயைப் பிடுங்கி வெளியே திறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு அது சட்டப்படி கூடாது. குழாய் முன்பு சேர்ந்திருந்த துளையை மூட மறந்தாலோ, ஃபில்டரைத் தொடாத மணல் நேராக டர்போவின் இறக்கைகளில் போய் அறையும். திறந்த குழாயோடு ஆற்றைக் கடந்து, எஞ்சின் ஆறினால் தண்ணீரையும் உறிஞ்சக்கூடும்.

இதெல்லாம் படிப்படியான நட்டம். உடனடி ஆபத்தும் ஒன்று உண்டு. ஆயிலை அளவுக்கு மீறி ஊற்றியிருந்தாலோ, ரிங் முழுக்கத் தேய்ந்திருந்தாலோ, பிரீதர் வழியே எண்ணெய் கட்டுமீறிப் போய் அதுவே எரிபொருளாகிவிடும். சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். காற்றை அடைத்தால் நிற்கும். கையால் கியர் போடும் வண்டியென்றால் உயர்ந்த கியரில் பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை விடலாம். இல்லையென்றால் விலகி நிற்பதே நல்லது.

கேனில் சேரும் எண்ணெயை எஞ்சினுக்கே திருப்பிவிட நினைப்பவர்கள் உயரத்தைக் கணக்கிட வேண்டும். எலிமென்ட்டில் 30 மில்லிபார் அழுத்த வேறுபாடு இருந்தால், அதை வென்று கீழே இறங்க ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் எண்ணெய்த் தூண் தேவை. அவ்வளவு இறக்கம் கிடைக்காத இடத்தில், அடியில் ஒரு குழாயும் மூடிய டாப்பும் வைத்துக் கையால் வடிப்பதே பாதுகாப்பு.

மாட்டியபின் அழுத்தத்தை அளந்து பார்க்கலாம். டிப்ஸ்டிக் குழாயில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுபாதியை வளைத்துத் தண்ணீர் நிரப்பினால் அதுவே அழுத்தமானி. நீர்மட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு என்றால் ஏறக்குறைய ஒரு மில்லிபார். கேன் வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே எஞ்சின் வேகத்தில் பார்த்து, இரண்டையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அளவு ஏறியிருந்தால் குழாயிலோ எலிமென்ட்டிலோ தடை இருக்கிறது. கேனிலிருந்து வடிப்பதையும் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அளக்கலாம். குளிர்காலத்தில் அது மோர் நிறத்தில் நீரோடு கலந்து வரும். அதை எஞ்சினுக்குள் திருப்பி ஊற்றாமல் கழிவு ஆயிலோடு சேர்க்க வேண்டும். அதே மாதிரி ஓட்டத்தில் அளவு திடீரென்று இரட்டித்தால், டர்போவைத் தொடுவதற்கு முன் சிலிண்டர்களின் கம்ப்ரெஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.