இரை தேடும் மீனும் மீன் தேடும் மனிதனும்

வேட்டையாடும் மீன் எங்கே பதுங்கும், எப்போது பாயும் என்று தெரிந்தவரின் தூண்டிலில்தான் அது சிக்கும். அந்த அறிவு மீனைக் காப்பாற்றவும் உதவியது. காவிரியில் அது பாதியில் நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை காலை. தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் மீன் சாப்பிடும் தென்னிந்தியக் குடும்பங்களின் பைகள் ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் கிளம்புகின்றன. ரிங் ரோடு வழியே போனால் சில கிலோமீட்டர்தான். அங்கே ரோகுவுக்கும் கட்லாவுக்கும் நடுவில் பாம்புத் தலையோடு ஒரு கரிய மீன் கிடந்தால் கடைக்காரர் அதை 'சோல்' என்பார். தமிழருக்கு அது விரால். அகன்ற வாயும் நீண்ட மீசையுமாக இருப்பது 'மல்லி', அதாவது வாளை. இரண்டும் பிற மீன்களைத் தின்று வளர்ந்தவை. இவற்றைப் பிடிக்க வலையின் நீளம் மட்டும் போதாது. இவற்றின் குணமும் தெரிந்திருக்க வேண்டும்.

விரால் இரையை வெகுதூரம் துரத்துவதில்லை. கரையோரக் கோரையின் நிழலிலோ தாமரை இலையின் அடியிலோ அசையாமல் கிடக்கும். தவளையோ குஞ்சு மீனோ எட்டும் தூரத்துக்கு வந்தால் ஒரே பாய்ச்சல். அதனால்தான் விவரமான தூண்டில்காரர் நடுக்குளத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தவளைக் குஞ்சை முள்ளில் கோத்து, செடியோரமாக நீர்மேல் தத்தித் தத்திப் போகும்படி இழுக்கிறார். விராலுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. செவுளை மட்டும் நம்பி அது பிழைக்க முடியாது. காற்றை விழுங்க அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். அப்போது எழும் குமிழியே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

குஞ்சு பொரித்த காலத்தில் அதைப் பிடிப்பது இன்னும் சுலபம். செந்நிறக் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு மிதக்க, பெரிய மீன் அடியில் காவல் நிற்கும். திரளுக்கு நடுவே எது விழுந்தாலும், பசி இல்லாவிட்டாலும், ஆத்திரத்தில் கவ்வும். காவல் மீன் சட்டிக்குப் போய்விட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. அடுத்த ஆண்டின் விராலையும் சேர்த்தே இழந்துவிட்டதை அந்தத் தூண்டில்காரர் பிறகுதான் உணர்வார்.

கலங்கிய நீரில் இரை இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது? மீனின் விலாவில் தலை தொடங்கி வால் வரை ஓடும் உணர்வுக்கோடுதான் உளவாளி. நீரில் எழும் சிறு அசைவையும் அது பிடித்துக்கொள்ளும். அடிபட்ட மீன் தாறுமாறாகத் துடித்தால் 'சிரமமில்லாத சாப்பாடு' என்று அர்த்தம். ஸ்பூன் என்ற பளபளக்கும் உலோகத் தகட்டை நீரில் இழுக்கும்போது அது இந்தத் துடிப்பைத்தான் நடித்துக் காட்டுகிறது. இருட்டில் உலவும் வாளைக்கு மீசையும் துணை. அதனால் வாளைக்குத் தூண்டில் போடுபவர் இரவெல்லாம் கண்விழிக்கிறார்.

தில்லியின் தூண்டில் பிரியர்களுக்கு உள்ளூர் யமுனையில் வேலை குறைவு. வசீராபாத்திலிருந்து ஓக்லா வரையிலான 22 கிலோமீட்டர்தான் அந்த நதியில் மிக மோசமாக மாசுபட்ட பகுதி. அவர்களுடைய கனவு மலையில் இருக்கிறது. ராமகங்கை, நாயர் நதி கங்கையில் கலக்கும் வியாஸ்காட், நேபாள எல்லையிலுள்ள பஞ்சேஷ்வர் ஆகிய இடங்களில் வாழும் பொன்னிற மஹ்சீர் அது. கெண்டைக் குடும்பத்தின் பேருருவம். தாடையில் பல் கிடையாது. தொண்டையில் இருக்கும் பற்களால் நண்டின் ஓட்டையும் நொறுக்கும். வேகமான நீரோட்டத்தில் பாறை மறைவில் நின்று, அடித்து வரப்படும் இரைக்குக் காத்திருக்கும். பனி உருகிக் கலங்கிய பெருநதியில் தெளிந்த கிளை நதி சேரும் இடம் அதற்குப் பந்தி. மழைக்காலத்தில் முட்டையிட மேல்நோக்கிப் போகும். இந்த நடமாட்டத்தை அறிந்தவருக்கு ஆற்றின் வரைபடமே மீனின் வரைபடம்தான்.

இந்த அறிவை முதலில் விரிவாக எழுத்தில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். 1873ல் மங்களூரில் வெளியான 'தி ராட் இன் இந்தியா' என்ற அவருடைய புத்தகம் மஹ்சீரை வெள்ளைக்காரச் சீமான்களிடம் பிரபலமாக்கியது. 1946ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினியில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு, சுமார் 54 கிலோ. அந்தச் சாதனையைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

அந்த ராட்சதன் காவிரியின் திமில் மஹ்சீர். 1970களிலிருந்து பெங்களூரைச் சேர்ந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பாதுகாத்தது. பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களில் விதி கறாரானது. பிடித்த மீனை எடை பார்த்து உயிரோடு ஆற்றில் விட வேண்டும். ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். மீன் எந்த மடுவில் கிடக்கும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? வெடி வைத்து மீன் பிடிப்பவர்களை விரட்டியதும் அவர்கள்தான்.

பிடித்த ஒவ்வொரு மீனும் நோட்டுப் புத்தகத்தில் பதிவானது. 1998 முதல் 2012 வரையிலான கலிபோரே பதிவுகளை விஞ்ஞானிகள் பின்னர் ஆராய்ந்தபோது 23,000 மணி நேரத்துக்கு மேல் தூண்டில் போட்ட கணக்கும், 6,000க்கும் அதிகமான மீன்களின் விவரமும் கிடைத்தன. மீன்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது. ஆனால் அதில் ஒரு பேரிடியும் இருந்தது. பெருகியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத் துடுப்பு மஹ்சீர். மண்ணின் மைந்தனான திமில் மஹ்சீர் ஆண்டுக்கு ஆண்டு மறைந்துகொண்டிருந்தது. பொழுதுபோக்குக்காக எழுதிய கணக்கு இல்லாவிட்டால் இந்த உண்மை வெளியே வந்திருக்காது.

அதற்குள் முகாம்களில் தூண்டில் நின்றுவிட்டது. அந்தப் பகுதி சரணாலயம். வனவிலங்குச் சட்டத்தின் பார்வையில், பிடித்து விடுவதும் வேட்டைதான். சட்டத்தின் வாதத்திலும் நியாயம் உண்டு. முள் குத்தி இழுபடும் மீனுக்கு அது விளையாட்டல்ல. விடுவிக்கப்பட்ட எல்லா மீன்களும் பிழைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஆனால் தூண்டில்காரர்களோடு அவர்கள் பணத்தில் நடந்த காவலும் போயிற்று, கணக்கு எழுதுவதும் நின்றது.

2018ல்தான் திமில் மஹ்சீருக்கு அறிவியல் பெயர் உறுதியானது. 'டோர் ரெமாதேவி' என்ற அந்தப் பெயர் மீன் ஆய்வாளர் ரெமாதேவியைச் சிறப்பிக்கிறது. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. அடையாளத்தை உறுதிசெய்ய உதவிய மீன்கள் கிடைத்தது முதுமலையை ஒட்டி ஓடும் மோயாற்றில். நூறாண்டுக்கு மேலாகத் தூண்டில்காரர்கள் துரத்திய மீனுக்கு, அது அழியும் நேரத்தில்தான் முறையான பெயர் கிடைத்தது.

வடக்கின் பொன்னிற மஹ்சீரும் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது. முட்டையிட மேலே போகும் வழியை அணைகள் அடைக்கின்றன. வெடியும் மின்சாரமும் மடுக்களைத் துடைத்தெடுக்கின்றன. வெடி வைப்பவருக்கு மீனின் குணம் தெரிய வேண்டியதில்லை. தூண்டில் போடுபவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இருவருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அதுதான்.

மோதி பாகிலிருந்து பையோடு போகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. மழைக்காலத்தில் வயிறு பருத்த விராலைக் கடைக்காரர் தூக்கிக் காட்டினால், 'முட்டை மீன், ருசியாக இருக்கும்' என்று வாங்கலாம். அல்லது அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரோகுவின் பக்கம் நகரலாம்.