வீல் போல்ட்டின் மரை ஏன் சிதைகிறது? எப்படிச் சரிசெய்வது?

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஓடும் காரின் சில்லைக் கழற்றிப் பாருங்கள். போல்ட்டுகளின் மரைப் பள்ளங்களில் செம்பழுப்புத் துரு தெரியலாம். கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து, இரும்பை விரைவாகத் துருப்பிடிக்க வைக்கிறது.

துரு மட்டுமா காரணம்? ஊறுகாய்ப் போத்தல் மூடியைச் சாய்வாக வைத்துத் திருகினால் அரைச் சுற்றிலேயே இறுகிவிடும். விடாமல் திருகினால் புரி சிதையும். நட்டைக் கையால் தொடங்காமல் நேரே இயந்திரத்தால் முடுக்கும்போதும் இதுதான் நடக்கிறது.

மரை சிதைந்தால் என்ன ஆபத்து? முடுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. மீண்டும் சுருங்கத் துடிக்கும் அந்த இழுவைதான் சில்லை அழுத்திப் பிடிக்கிறது. மரை வழிந்தால் அந்தப் பிடியும் போய்விடும்.

எப்படிச் சரிசெய்வது? நுனி மரை மட்டும் நசுங்கியிருந்தால், கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, அதே அளவுள்ள, மரை வெட்டும் கருவியான டையைக் கையால் ஓட்டலாம். மரை வழிந்திருந்தால் போல்ட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பல ஜப்பான் கார்களில் போல்ட், சில்லைத் தாங்கும் மையப் பாகமான ஹப்பில் இறுகச் செருகப்பட்டிருக்கும். அதைத் தட்டிக் கழற்றி, புது போல்ட்டும் புது நட்டும் போட வேண்டும்.

மரையில் எண்ணெய் பூசாதீர்கள். அளவுக்கு மீறி இறுகிவிடும். சில்லைப் பூட்டி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் இறுக்கத்தை மறுபடி சோதியுங்கள்.