வீட்டில் பேசுங்கள், பள்ளியில் கேளுங்கள்

1956-இல் மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு சேர்ந்தது. அதனால் அங்குள்ள கொல்லயில், பாறசாலை போன்ற எல்லையோர ஊர்களில் வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள் உண்டு. இவர்களின் பெற்றோர் பலருக்கும் இரண்டு தயக்கங்கள்: வீட்டில் தமிழ் பேசினால் பள்ளிப் படிப்பு கெட்டுவிடுமோ, அதிகம் படிக்காத நாம் பள்ளியில் போய் என்ன கேட்பது? இந்தத் தயக்கங்கள்தான் பிள்ளையின் வளர்ச்சிக்குத் தடை. அவற்றுக்கு ஆதாரமும் இல்லை.

முதல் தயக்கத்தைப் பார்ப்போம். தாய்மொழியில் உறுதிப்படும் சிந்தனையும் சொல்வளமும் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று மொழியியலாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே விளக்கினார். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு. 2017-ஆம் ஆண்டின் கேரளச் சட்டம் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கியிருப்பதால் பிள்ளை அதையும் நன்றாகக் கற்கத்தான் வேண்டும். அதற்காக வீட்டுத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. கூலி வேலை முடிந்து வருபவர்களுக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். பாடம் சொல்லித்தரத் தேவையில்லை. சாப்பிடும் நேரத்தில் அன்றைய வகுப்பைப் பற்றிப் பேசவைத்தாலே போதும். தொடக்கப்பள்ளி வயதில் பள்ளிகளுக்கிடையிலான தர வேறுபாட்டைவிட வீட்டில் பெற்றோர் காட்டும் ஈடுபாட்டின் தாக்கம் பெரிது என்று பிரிட்டனில் 2003-இல் சார்ல்ஸ் டெஸ்ஃபோர்ஜஸ் தொகுத்த ஆய்வறிக்கை காட்டுகிறது.

இரண்டாம் தயக்கத்துக்குச் சட்டமே பதில் சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை ஆசிரியர் பெற்றோரிடம் தெரிவிக்க வேண்டும். அடிப்பதும் மனத்தை வதைப்பதும் 17-ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. கேள்வி கேட்டால் ஆசிரியர் பிள்ளைமீது வஞ்சம் வைப்பாரோ என்ற அச்சம் இயல்பானது. அதனால்தான் தனியாகப் போகாமல் குழுவில் சேர்ந்து பேசுவது நல்லது. அங்கே தீராவிட்டால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் முறையிடலாம். அது 3 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அதன் பின் மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. உடனடி ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம்.

எழுத்துகள் மாறிமாறித் தெரிவதாகப் பிள்ளை தொடர்ந்து சொன்னால் சோம்பேறி என்று திட்டக் கூடாது. அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது; பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாவோ அம்மாவோ ஒருவராவது போங்கள். மதிப்பெண்ணைக் கேட்கும் முன், பிள்ளை எதில் திணறுகிறது என்று கேளுங்கள்.